வெளிமானுக்கு வெளி எங்கே?

தோழா!

மாநாட்டுக்குச் சென்னை வருகிறாய், கிண்டியைக் கடக்கிறாய். கொடியைக் கண்டாய், தோரணம் கண்டாய். கூப்பிடு தொலைவில் ஒரு காடு இருக்கிறதே, அதைக் கண்டாயா? மாடமாளிகைகளுக்கு நடுவே மான் மேய்கிறதே, அறிவாயா?

முறுக்கேறிய கொம்பு, கருமை படர்ந்த முதுகு, வெண்மை பூத்த வயிறு — அந்த மானைச் சங்கப் புலவர் இரலை என்றனர். மக்கள் இட்ட பெயர் வெளிமான். புதரில் பதுங்கிப் பிழைக்கும் இனமன்று அது. புல்வெளியில் நிற்கும், பகையைத் தொலைவிலேயே காணும், பாய்ந்தோடித் தப்பும். வெளிதான் அதற்கு வேலி! வெளிதான் அதற்கு வாழ்வு!

அந்த வெளி என்னவாயிற்று?

1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது கிண்டிக் காட்டின் பரப்பு 505 ஹெக்டேர். 1978இல் தேசியப் பூங்கா என்று மகுடம் சூட்டினர். பூங்கா எல்லைக்குள் எஞ்சியது ஏறத்தாழ 270. பாதியை விழுங்கியது எது? கள்ளனின் கோடரியா? அன்று, தோழா! கோப்பும் கையெழுத்தும்! 1958இல் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு பகுதி. 1974இல் இராஜாஜி நினைவகம். 1975இல் காமராசர் நினைவகம். 1961க்கும் 1977க்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 172 ஹெக்டேர் கைமாறிற்று.

கல்வி வேண்டாம் என்பேனா? காமராசரை மறப்போம் என்பேனா? ஒருநாளும் இல்லை. ஒவ்வொன்றும் நற்பணியே. ஆனால், நற்பணிகள் பல கூடித்தான் ஒரு காட்டைப் பாதியாக்கின என்பதை மறைத்தால், நாம் பேசும் பகுத்தறிவுக்கே அது பழி!

1980களின் இறுதியில் சுவர்கள் எழுந்தன. ஆளுநர் மாளிகை ஒருபுறம், தொழில்நுட்பக் கழகம் மறுபுறம், பூங்கா நடுவே. ஒரே காடு, மூன்று முற்றங்களாயிற்று! வழியடைபட்ட சிறு கூட்டம் தன் உறவுக்குள்ளேயே இணை தேடும். தலைமுறை தோறும் வலு தேயும். மானோடு நரியும் கீரியும் நட்சத்திர ஆமையும் வாழும் அந்தத் துண்டு நிலத்தில் இனியும் ஒரு முழம் குறையலாமா?

நாளை நம் தலைவர் ஒருவருக்கு மண்டபம் எழுப்ப இடம் தேடுவோம். “கிண்டியில் கேட்போம்” என்று எவரேனும் தீர்மானம் கொண்டுவரின், எழுந்து மறுக்கும் முதற்குரல் உன்னுடையதாகட்டும். மண்டபத்துக்கு மாற்றிடம் உண்டு; மானுக்கு இல்லை.

அதற்கு வாக்குச்சீட்டு இல்லை. ஊர்வலம் நடத்தத் தெரியாது. மனு எழுதவும் அறியாது. வாயற்றவர்க்காக வாய் திறக்கத்தானே, தோழா, நமக்கு ஓர் இயக்கம்!