சர்வரை மாற்றினால் பாட்டு இனிக்குமா?

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுகிற சமாச்சாரம். பாட்டு கேட்க போனும் இயர்போனும் போதும் என்பவர்கள் தாராளமாக அடுத்த வேலையைப் பார்க்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புனேயில் நாலு தமிழர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் முதலில் ரயில் டிக்கெட், அப்புறம் சாம்பார் பொடி, அதற்கப்புறம் பிள்ளைகள் தமிழ் படிக்காத கவலை. எங்கள் கூட்டத்தில் நாலாவதாக ஒன்று உண்டு: ஆடியோ. இந்த வருஷத்தில் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "பாட்டு சர்வரை அப்கிரேட் பண்ணப் போறேன், சவுண்டு நல்லா ஆகும்ல?"

சர்வர் என்றால் ஆபீஸில் இருக்கிற ராட்சசன் இல்லை. படுக்கையறை மூலையிலோ அலமாரியிலோ ஒரு கணினி, அதற்குள் நாம் சேர்த்து வைத்த மொத்தப் பாட்டும். ஹாலில் ஒரு சின்னப் பெட்டி. அது வீட்டு நெட்வொர்க் வழியாகப் பாட்டை வாங்கி டாக்குக்கு (எண்களை மின் அலையாக மாற்றுகிற சாதனம்) கொடுக்கும். அங்கிருந்து ஆம்ப், ஸ்பீக்கர், காது. இதில் முதல் கணினியைத் தூக்கிவிட்டு, விசிறியில்லாத, தனி பவர் சப்ளை வைத்த, அலுமினியத்தில் செதுக்கிய ஒரு பெட்டியை வைத்தால் பாட்டு இனிக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். விலை லட்சத்தில் ஆரம்பிக்கும்.

என் பதில்: இனிக்காது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டி முழக்கப் போகிறேன்.

முதலில் அந்த சர்வருக்கு இருக்கிற வேலை எவ்வளவு என்று பாருங்கள். சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு. பெருக்கினால் நொடிக்கு 14 லட்சம் பிட், அதாவது 1.4 மெகாபிட். ஃப்ளாக்காகச் சுருக்கினால் இன்னும் குறையும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போனாலும் 9.2 மெகாபிட்தான். பையன் பக்கத்து அறையில் 4கே படம் பார்க்கிறானே, அதற்கே 15 மெகாபிட் வேண்டும். அவன் பார்க்கிற வண்ணம் மங்கலாக இருக்கிறது என்று யாராவது ரௌட்டருக்குத் தனி பவர் சப்ளை வாங்குகிறோமா?

சரித்திரமும் இதைத்தான் சொல்கிறது. ஸ்லிம் டிவைசஸ் என்ற கம்பெனி 2001-லேயே வீட்டுக் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பாட்டு வாங்கும் பெட்டியை விற்றது. 2006-ல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கியது, 2012-ல் ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசையையே நிறுத்தியது. ஆனால் அந்த சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் சாகவில்லை. 2024-லிருந்து லிரியான் என்ற பெயரில் ஓடுகிறது, என் வீட்டிலும் அதுதான். 2001-ல் கணினிகள் எப்படி இருந்தன என்று நினைவிருக்கிறதா? அதில் ஓடின வேலை இது. வேலை அதற்கப்புறம் பெரிதாக வளரவில்லை, விலைதான் வளர்ந்திருக்கிறது.

"வேகத்தைப் பத்தி யாரு பேசினா, ஜிட்டர்!" என்பார்கள் உடனே. ஆடியோ உலகில் ஜிட்டர் என்பது நம்மூரில் வாயுத் தொல்லை மாதிரி. எதற்கும் அதுதான் காரணம், யாரும் பார்த்ததில்லை. ஜிட்டர் என்பது பொய்யில்லை. எண்களை அலையாக மாற்றும்போது கடிகாரம் தடுமாறினால் ஒலியும் கெடும். ஆனால் அந்தக் கடிகாரம் இருப்பது ஹால் பெட்டியிலோ டாக்கிலோ. சர்வரில் இல்லை.

மொட்டைமாடி டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார் விட்டு விட்டு ஓடும். நிற்கும், இருமும், மறுபடி ஓடும். குளியலறைக் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வரும், ஏனென்றால் அது டேங்க்கிலிருந்து வருகிறது. நம் கதையில் சர்வர்தான் மோட்டார். ஹால் பெட்டிக்குள் இருக்கும் நினைவகம்தான் டேங்க். சர்வர் பாட்டைத் துண்டு துண்டாக, அவசர அவசரமாக அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டிலும் சரிபார்க்கும் எண் உண்டு, வழியில் கெட்டால் டிசிபி நெறிமுறை மறுபடி அனுப்பச் சொல்லும். எல்லாம் டேங்க்கில் விழுந்தபிறகு, டாக் தன் கடிகாரப்படி நிதானமாக எடுத்துக்கொள்கிறது. புது மோட்டார் வாங்கினால் குழாய்த் தண்ணீர் ருசிக்குமா?

நம்பிக்கை இல்லையென்றால் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. பாட்டு ஓடும்போது சர்வரின் லேன் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பாட்டு நிற்காது. என் வீட்டில் இருபது முப்பது நொடி ஓடுகிறது. அந்த நொடிகளில் சர்வர் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. சர்வரால்தான் தரம் வருகிறதென்றால், கேபிளைப் பிடுங்கிய கணத்தில் ஏதாவது மாற வேண்டுமா இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு, எப்போது பிடுங்கினார்கள் என்று சொல்லிப் பாருங்கள். இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இங்கே எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். சர்வரையே டாக்குடன் யூஎஸ்பி கேபிளில் நேராக இணைத்திருந்தால் கதை வேறு. அங்கே தாமிரக் கம்பி வழியாகக் கணினியின் மின் இரைச்சல் டாக்குக்குள் போக வழி உண்டு. எர்த் சரியில்லாத வாடகை வீட்டில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்பது கற்பனை இல்லை. லேப்டாப் உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதே, அந்தக் கதைதான். ஆனால் அதற்கு மருந்து எலக்ட்ரீஷியன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவரைக் கூப்பிடுங்கள், பாட்டுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக. நெட்வொர்க் வழியாகப் போகும்போது இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஈதர்நெட் போர்ட்டுக்குள் சின்ன டிரான்ஸ்பார்மர்கள் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கின்றன. உலோக உறை போட்ட கேபிள் வாங்கி அந்தப் பிரிவினையைக் கெடுக்காமல் இருந்தால் சரி. தப்கீர் கல்லியில் மீட்டர் கணக்கில் விற்கிற சாதாரண கேட்-6 போதும்.

சர்வரை மாற்றியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. ஐம்பதாயிரம் பாட்டு வைத்துக்கொண்டு தேடினால் பழைய ஹார்டு டிஸ்க் அழும். டேட்டாபேஸை எஸ்எஸ்டியில் வையுங்கள், சிரிக்கும். சாதாரணப் பாட்டை நொடிக்கு 2.26 கோடி மாதிரி கொண்ட டிஎஸ்டி 512 ஆக்கித்தான் கேட்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நிஜமாகவே பெரிய பிராசசர் வேண்டும். (ஏன் அந்த அடம் என்று கேட்காதீர்கள், எனக்கு நண்பர்கள் வேண்டும்.) அப்புறம் விசிறி. சர்வர் ஹாலிலேயே இருந்து அதன் விசிறி உய்யென்று கத்தினால், விசிறியில்லாத பெட்டி கண்டிப்பாக ஒலியை மேம்படுத்தும். படுக்கையறைக்கு மாற்றினாலும் மேம்படும், காசில்லாமல். தங்கமணி ஒத்துக்கொண்டால்.

பாட்டு நடுவில் நின்று நின்று வந்தால்? பத்தில் ஒன்பது பேர் வீட்டில் அது வைஃபை. நம் அடுக்குமாடியில் போனை எடுத்துப் பாருங்கள், முப்பது நெட்வொர்க் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதே அலைவரிசையில் மைக்ரோவேவ் அடுப்பு வேறு. ரௌட்டரோ, இணைப்பு கொடுக்க வந்த பையன் அவன் வசதிக்கு வைத்த இடத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே. ஒரு கேபிள் இழுத்தால் தீர்கிற நோய்க்கு லட்ச ரூபாய் வைத்தியம் பார்க்கிறார்கள்.

இனி அண்ணாச்சி கதை. கேள்வி கேட்ட மூவரில் மூன்றாமவர். திருநெல்வேலிக்காரர், என்னைவிட பதினைந்து வயது மூத்தவர், வேலை பார்ப்பது வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். அந்த அலுமினியப் பெட்டி ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். "தம்பி, நீ ஆயிரம் ஜல்லியடி. காது பொய் சொல்லாதுல்லா?"

கேட்டார். எது ஓடுகிறது என்று தெரிந்தபோது புதுப் பெட்டியில் நாகஸ்வரத்தின் காற்று தனியாகத் தெரிகிறது என்றார். சரி, இப்போது தெரியாமல் கேளுங்கள் என்றேன். அதே கோப்பு, அதே ஹால் பெட்டி, அதே வால்யூம். தங்கமணி உள்ளே உட்கார்ந்து காசு சுண்டி பழைய லேப்டாப்பா, புதுப் பெட்டியா என்று மாற்ற வேண்டும், எழுதி வைக்க வேண்டும். பதினாறு முறை. அண்ணாச்சி சரியாகச் சொன்னது ஒன்பது. சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே எட்டு வரும். பன்னிரண்டாவது வந்திருந்தால் யோசிக்கலாம், ஏனென்றால் குருட்டாம்போக்கில் 12 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு.

"உன் ஸ்பீக்கர் சரியில்லடே" என்றார் அண்ணாச்சி.

அதில் நியாயம் இருக்கிறது! ஸ்பீக்கர் மாறினால் எல்லாம் மாறும். அறை மாறினால் அதைவிட. வழவழ டைல்ஸ் தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மீதிச் சுவர் மொட்டை என்று நாம் கட்டுகிற ஹாலில் கைதட்டிப் பாருங்கள், டணங் என்று திரும்பி வரும். பவானி ஜமக்காளம் ஒன்று விரித்து, கனமான திரைச்சீலை போட்டு, புத்தக அலமாரியைப் பின்சுவருக்கு நகர்த்தினால் வரும் மாற்றத்துக்குக் காசு சுண்டத் தேவையில்லை. வெளியில் செருப்பைக் கழற்றுகிறவருக்கே தெரியும்.

பேச்சு இப்படிப் போகையில் அவர் சர்வருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சினிமாப் பாட்டு போக, அவருடைய அப்பா பதிவு செய்த கேசட்டுகள் என்றார். எழுபதுகளின் கடைசியிலிருந்து, ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டு, நாகஸ்வரம், எல்லாம் ஒரு நேஷனல் பானசோனிக் பெட்டியில் பிடித்தது. ஒவ்வொரு கேசட் ஆரம்பத்திலும் அப்பாவே தேதியும் பாடுகிறவர் பெயரும் சொல்வாராம். அண்ணாச்சி லீவு லீவாக உட்கார்ந்து கணினியில் ஏற்றியிருக்கிறார். 412 ஃப்ளாக் கோப்புகள்.

"பேக்கப் எங்கே இருக்கு?"

"அந்த டிஸ்க்லதான் இருக்கு."

"அது ஒரிஜினல் அண்ணாச்சி. பேக்கப்?"

பதிலில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய ஒற்றை எக்ஸ்டர்னல் டிஸ்க். எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை என்றால் பராமரிப்பு என்று கரண்ட் போகும், அவர் வீட்டில் யூபிஎஸ்ஸும் கிடையாது. ஒவ்வொரு வியாழனும் அந்த டிஸ்க் பட்டென்று நின்று, பட்டென்று எழுந்திருக்கிறது.

ஃப்ளாக்கில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சுருக்கும்போதே மூல ஒலியின் எம்டி5 கையெழுத்தைக் கோப்பின் தலையில் எழுதி வைத்துவிடும். எத்தனை வருஷம் கழித்தும் கோப்பு அப்படியே இருக்கிறதா என்று ஒரு கட்டளையில் பார்க்கலாம். ஓட்டினோம். ஒன்றரை மணி நேரம். 412-ல் 11 கோப்புகள் தேறவில்லை. சில நடுவில் கரகரவென்று உடைகின்றன, நாலு திறக்கவே இல்லை.

பாட்டின் பிட் மாறிவிடும் என்று நெட்வொர்க் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோமே, நிஜமாகவே மாறிய பிட்டுகள் இவை. மாறியது டிஸ்க்கில். நாகஸ்வரக் காற்று தெரிகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அது உள்ளே உதிர்ந்துகொண்டிருந்தது. எந்த ஸ்ட்ரீமிங் கம்பெனியிலும் அந்த வில்லுப்பாட்டு கிடைக்காது. அப்பாவின் குரலும்தான்.

அலுமினியப் பெட்டி உரியவரிடம் திரும்பிப் போனது. அதன் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை: இரண்டு புது டிஸ்க், ஒரு சின்ன யூபிஎஸ். ஒரு பிரதி இங்கே அலமாரியில், ஒன்று கோயம்புத்தூரில் மகள் வீட்டில். சர்வர் அதே பழைய கணினிதான். மாதத்துக்கொரு முறை ராத்திரியில் தானாக எல்லாக் கோப்பையும் சரிபார்த்து அவருக்கு ஒரு மெயில் போடும்படி செய்து கொடுத்திருக்கிறேன். இதுதான் நான் ஒத்துக்கொள்கிற சர்வர் அப்கிரேட்.

அந்த 11 கேசட்டையும் ஊரில் அண்ணாச்சியின் தம்பி பரணிலிருந்து இறக்கிப் பார்த்தார். எட்டு கிடைத்தது. ஒன்றில் பூசணம் பூத்திருக்கிறதாம். பொங்கலுக்குப் போய் எடுத்து வருகிறேன் என்கிறார். பெல்ட் தேயாத நல்ல கேசட் டெக் புனேயில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு இரவல் போதும்.