தலைவலியும் திருகுவலியும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது பழமொழி. ஆனால், தனக்கே வந்த தலைவலியின் பிறப்பிடம் எது என்று தெரியாமல் வருஷக் கணக்கில் அவஸ்தைப்படுகிறவர்கள் அநேகர். காஞ்சீபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டேன்.

முப்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவர். கால்களைத் தறிக்குழியில் இறக்கிவிட்டு, இழை மேல் கண்ணாகக் குனிந்திருந்தார். பிற்பகலானால் வலக் கண்ணுக்கு மேல் வலி தொடங்கிவிடும் என்றும், தினம் ஒரு மாத்திரை விழுங்கித்தான் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். கழுத்தைத் திருப்பச் சொன்னேன். இடப்புறம் எளிதில் திரும்பிற்று. வலப்புறம் பாதியிலேயே நின்றுவிட்டது.

"வலி நெற்றியில் அல்லவா, ஐயா? கழுத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். கழுத்தின் மேல்பாகத்திலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், நெற்றியிலிருந்தும் கண்ணிலிருந்தும் உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்பும், தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. ஆகவே, கழுத்து மூட்டில் கிளம்பும் வேதனையை நெற்றியில் உண்டானதாக எண்ணி மூளை ஏமாந்து போகிறது. கோர்வைப் புடவையில் கரையின் ஊடை இழுபட்டால் உடலில் சுருக்கம் விழுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். 1983-ம் வருஷத்தில் நார்வே தேசத்து டாக்டர் ஸியாஸ்டாட் என்பவரும் அவருடைய சகாக்களும் இவ்வியாதிக்குத் தனிப் பெயரிட்டு, அதன் லட்சணங்களை வகுத்தனர்.

பெரும்பாலும் ஒரே பக்கமாகப் பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறும்; தலையைத் திருப்பினாலும், வெகு நேரம் ஒரே நிலையில் இருந்தாலும் அதிகரிக்கும்; கழுத்து முழுதும் திரும்பாது. ஆயினும் ஒற்றைத் தலைவலியிலும் கழுத்து வலிப்பதுண்டாகையால், டாக்டர் பரிசோதித்தே தீர்மானிக்க வேண்டும். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு விதத்தில் தறியில்லாத நெசவாளர்களே!

செய்யத் தகாதவை இரண்டு. மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் வலி மாத்திரை சாப்பிடும் வழக்கம் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். இரண்டாவது, முடி வெட்டும் கடையில் கழுத்தைச் 'சொடக்'கென்று திருப்பிவிடச் சொல்வது. மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் அதனால் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை இதுவே.

செய்யத் தக்கது என்ன? 2002-ல் ஆஸ்திரேலியாவில் இருநூறு நோயாளிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை ஒன்று வெளியாயிற்று. பயிற்சி பெற்ற நிபுணர்கள் கழுத்து மூட்டுகளைக் கையால் பக்குவம் செய்வதும், கழுத்துத் தசைகளுக்குத் தக்க அப்பியாசமும் ஆறு வாரத்தில் நல்ல குணம் தந்தன. ஒரு வருஷம் கழித்தும் பயன் நீடித்தது. அப்பியாசம் எளியது: மல்லாந்து படுத்து, 'ஆம்' என்று தலையசைப்பதுபோல் முகவாயை மெல்ல உள்ளே இழுத்துப் பத்து விநாடி நிறுத்த வேண்டும், இப்படிப் பத்துத் தடவை. வலி மிகுந்தால் நிறுத்திவிட வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் இதம் தரும். திடீரென்று இடிபோல் வந்த தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால் அப்பியாசத்தை மறந்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்கும்படி அந்த நெசவாளரிடம் சொன்னேன். "புடவைக்குத்தானே கூலி, ஐயா? எழுந்து நின்றால் யார் கொடுப்பார்கள்?" என்றார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. "வலியோடு நெய்யும் பிற்பகலில் எத்தனை இழை தவறுகிறது?" என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்தார்; பிறகு நாடாவை வைத்துவிட்டுக் குழியிலிருந்து எழுந்தார்.

கலியாணப் புடவைக்குப் பேரம் பேசும்போது, நேயர்கள் அந்தக் கழுத்தையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.