ஆலைக் காரியாலயங்களில் அமைதி

கல்வியை முடித்து வெளியேறும் இளைஞருட் பலர் ஆண்டுதோறும் தொழிற்சாலைகளின் காரியாலயங்களில் வேலைக்கு அமர்கின்றனர். கணக்கெழுதுவோராகவும், சம்பளப் பட்டியல் தயாரிப்போராகவும், மேற்பார்வை புரியும் பொறியியலாளராகவும் அவர்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கே கழிக்கின்றனர். அவ்வறைகளில் நிறைந்திருக்கும் இரைச்சலைப் பற்றி நம்மவர் சிந்திப்பது அரிது. சம்பளம் எவ்வளவு, விடுமுறை எத்தனை என விசாரிப்பவர் உண்டு. ஒருவர் பேசுவது மற்றொருவர் செவியில் தெளிவாக விழுமா என விசாரிப்பவரை நாம் கண்டதில்லை. அற்பமெனத் தோன்றும் இவ்விஷயத்தில் மனிதரின் நலமும் நீதியும் அடங்கியுள்ளன என்பதே நம் கருத்து.

கோயம்புத்தூரையும் அதன் சுற்றுப்புறங்களையும் உதாரணமாகக் கொள்வோம். அங்குள்ள நூற்பாலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் பொதுவாக இருவகைக் காரியாலயங்கள் உண்டு. ஒன்று, வாயிலருகே தனிக் கட்டடத்தில் இருப்பது. அதற்கு இரைச்சலால் வரும் துன்பம் சிறிது. மற்றொன்று, யந்திரங்கள் ஓடும் கூடத்தின் ஒரு மூலையைப் பலகையாலும் கண்ணாடியாலும் தடுத்து அமைத்த சிற்றறை. மேஸ்திரியும் குமாஸ்தாவும் மேற்பார்வையாளரும் அமர்வது இதில்தான். வந்தவர் வராதவர் கணக்கு, நூலின் எடை, துணியின் நீளம், ஓடாது நின்ற தறிகளின் எண்ணிக்கை ஆகியவை முதன்முதலில் எழுதப்படுவதும் இங்கேதான். பெரிய காரியாலயத்தின் ஏடுகளில் அழகாகக் காணப்படும் எண்கள் பலவும் இவ்வறையிற் பிறந்தவையே. நாம் பேசப் புகுவது இச்சிற்றறையைப் பற்றியே.

ஒலியை அளப்பதற்கு டெசிபெல் என்னும் அளவு வழங்குகிறது. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் 1920-களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியியலாளர் வகுத்தது அது. இவ்வளவில் ஒரு நுட்பம் உண்டு. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். 20 கூடினால் 100 மடங்காகும். 3 கூடினாலோ ஏறத்தாழ இரு மடங்காகும். இருவர் மூன்றடி இடைவெளியில் அமர்ந்து இயல்பாக உரையாடும் ஒலி சுமார் 60 டெசிபெல். நாடா ஓடும் விசைத்தறிகள் நிறைந்த கூடத்திலோ ஒலி 95-ஐக் கடந்து 100-ஐத் தொடுவது வழக்கம். 60-க்கும் 100-க்கும் உள்ள பேதம் ஆற்றலளவில் 10,000 மடங்கு. தறிகளிற் பாதியை நிறுத்திவிட்டாலும் 100 என்பது 97 ஆகுமேயன்றி 50 ஆகிவிடாது. இக்கணக்கை உணராமையாலேயே பலர், "சிறிது கதவைச் சாத்தினாற் போதும்" என்று எண்ணி ஏமாறுகின்றனர்.

பேரொலி செவியைக் கெடுக்கும் என்பது புதிய செய்தியன்று. 1886-இல் கிளாஸ்கோ நகரத்துச் செவி வைத்தியர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறுவரைச் சோதித்து, அவர்களுட் பெரும்பாலோரின் கேள்வித்திறன் குன்றியிருப்பதை எடுத்துக் காட்டினார். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைப் பெண்கள் தறியோசையிடையே குரலை நம்ப இயலாமல், உதட்டசைவாலும் சைகையாலும் பேசும் தனி வழக்கத்தையே உண்டாக்கிக்கொண்டனர். அமெரிக்க நாட்டுத் தொழிற் பாதுகாப்பு, சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கத்தக்க எல்லை 85 டெசிபெல். அதற்குமேல் 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகக் குறையும். அவ்வாறாயின் 100 டெசிபெல்லில் நிற்கத்தக்க நேரம் 15 நிமிஷமே. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2020-இல் இயற்றப்பெற்ற தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதனை அவ்வாறே வைத்துள்ளது.

தறியருகே நிற்பவரின் துன்பம் இவ்வாறிருக்க, தடுப்புக்குள் அமர்ந்திருப்பவருக்கு என்ன குறை என்று சிலர் வினவலாம். பலகைத் தடுப்புக்குள் ஒலி 75 அல்லது 80 டெசிபெல்லாகத் தாழலாம். செவி கெடாதிருக்கவுங் கூடும். ஆயினும் கருத்தூன்றிக் கணக்கெழுதும் அறையில் 50 டெசிபெல்லுக்கு மேற்படாதிருத்தலே நன்று. "நாளடைவில் பழகிப்போம்" என்பது எளிதிற் சொல்லும் சமாதானம். பழகுவது மனமே, உடல் பழகுவதில்லை என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைக் காட்டுவோம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈவன்ஸ், ஜான்சன் என்னும் இருவர், காரியாலய வேலை செய்யும் பெண்கள் 40 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை அமைதியிலும் மற்றவரைச் சாதாரணக் காரியாலய இரைச்சலிலும் 3 மணி நேரம் வேலை செய்வித்தனர். இரைச்சலில் இருந்தோர், தமக்கு அதிகச் சிரமம் இருந்ததாகக் கூறவில்லை. ஆயினும் அவர் உடலில், மனநெருக்கடியின்போது சுரக்கும் அட்ரினலின் மிகுந்திருந்தது. பின்னர்க் கொடுக்கப்பட்ட கடினமான புதிர்களை அவர்கள் மற்றவரினும் விரைவிற் கைவிட்டனர். துன்பம் இருக்கிறது, துன்பம் என்ற உணர்ச்சி மட்டும் இல்லை. ஆதலின், "எங்கள் குமாஸ்தாக்கள் ஒருவரும் முறையிடவில்லையே" என்று முதலாளி கூறுவது, இரைச்சல் தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது.

இனி, நாம் தலையாயதெனக் கருதும் தீங்கைக் கூறுவோம். அறுபது என்பதும் எழுபது என்பதும் செவிக்கு அண்டை வீட்டார். முதலெழுத்து இரைச்சலில் மறைந்துவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும். நெய்த நீளத்துக்கேற்பக் கூலி பெறுபவனுக்கு அவ்வொரு சொல் ஒரு நாள் உணவாகலாம். அதனினும் பெரிது வேறொன்றுண்டு. பட்டை தேய்ந்து அறுந்துவிடும் போலிருக்கிறது என்றோ, விரலில் காயம் பட்டது என்றோ, சம்பளத்திற் குறைந்தது என்றோ சொல்ல ஒரு தொழிலாளி அச்சிற்றறைக்கு வருகிறான். அவனுடைய சொல் ஆலையின் அதிகாரத்தை எட்டும் முதல் வாயில் அதுவே. அங்கே அவன் இரண்டு முறை உரக்கக் கூவ நேர்ந்தால் மூன்றாம் முறை வரமாட்டான். கூவுகிறவன் குரலிற் பணிவு இருப்பதில்லை. கேட்பவனுக்கு அது சண்டையாகப் படுகிறது. அந்தரங்கமான குறையையோ எவரும் கூவிச் சொல்லார். திருவள்ளுவர் "கேள்வி" என ஓர் அதிகாரம் வகுத்து, அதனைப் பொருட்பாலின் அரசியலில் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. கேட்டல் ஆளுகிறவனுடைய கடமை. கேட்க இயலாத அறையிலிருந்து ஆலையை ஆளுதல் எங்ஙனம்?

நோய் இதுவாயின் மருந்து யாது? ஒலி பிறக்குமிடம், அது வரும் வழி, அது சேருமிடம் என மூன்றாகப் பகுத்துக் காண்பது அறிஞர் கொண்ட முறை. இவற்றுள் பிறக்குமிடத்தைத் திருத்துவதே சிறந்தது. தேய்ந்த பற்சக்கரமும், எண்ணெயற்ற உருளையும், தளர்ந்த தகடும் வீணாகக் கூச்சலிடுகின்றன. அவற்றைச் சீர்செய்தலால் யந்திரமும் நீடித்துழைக்கும். யந்திரத்தின் அடியில் ரப்பர்த் தாங்கிகளை வைத்தால் அதிர்ச்சி தரைவழியே அறைக்குட் புகுதல் குறையும். காற்றழுத்த யந்திரங்களைத் தனிக் கட்டடத்திற்கு மாற்றலாம்.

அடுத்தது வழி. அறையை எங்கே வைப்பது என்பதை, கட்டடத்தின் படம் வரையும்போதே தீர்மானித்தல் வேண்டும். கூடத்துக்கும் காரியாலயத்துக்கும் இடையில் பண்டகசாலையோ நடைவழியோ அமைந்தால் அதுவே இலவசமாகக் கிடைத்த காவல். காகிதத்தில் ஒரு கோட்டை நகர்த்துவதற்குச் செலவில்லை. கட்டிய பின் சுவரை நகர்த்துவதற்கே செலவு. சுவரைப் பொறுத்தவரையில், ஒலியைத் தடுப்பது அதன் கனமே. இருபுறமும் பூச்சுப் பூசிய 9 அங்குலச் செங்கற் சுவர் சுமார் 50 டெசிபெல்லைக் குறைக்கும். மெல்லிய ஒட்டுப்பலகை அதிற் பாதியைக் குறைப்பதே அரிது.

ஆயினும் எத்தகைய சுவரையும் ஒரு சிறு துவாரம் தோற்கடித்துவிடும். 100 சதுர அடிச் சுவரில் 1 சதுர அடி திறந்திருந்தால், நூற்றில் ஒரு பங்கு ஆற்றல் தடையின்றி உட்புகும். அப்போது சுவர் எவ்வளவு பருத்ததாயினும் 20 டெசிபெல்லுக்கு மேற் குறையாது. மூன்றடி அகலக் கதவின் கீழே ஓர் அங்குல இடைவெளி இருப்பின் அதுவே கால் சதுர அடி. அதன் வழியாக மட்டும் வரும் ஒலியே அச்சுவரின் பயனை 26 டெசிபெல்லில் நிறுத்திவிடும். கதவின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை ஒட்டுவதும், குழாயும் கம்பியும் செல்லும் துவாரங்களைச் சாந்தால் அடைப்பதும் அற்பச் செலவில் ஆகும் வேலைகள். கூடத்தைப் பார்க்கச் சாளரம் வேண்டுமாயின், இடைவெளிவிட்ட இரட்டைக் கண்ணாடி நலம். ஒன்றன்பின் ஒன்றாக இரு கதவுகளும் அவற்றிடையே சிறு முன்னறையும் அமைப்பது அதனினும் நலம்.

மூன்றாவது, அறையின் உள்ளமைப்பு. 1895-இல் ஹார்வர்டு கலாசாலையில் புதிதாகக் கட்டிய ஒரு பிரசங்க மண்டபத்தில், பேசுவோர் சொல் எதிரொலித்துக் குழம்பி எவருக்கும் விளங்காதிருந்தது. வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியர், அருகிலிருந்த நாடக மண்டபத்தின் மெத்தைகளை இரவுதோறும் கொணர்ந்து பரப்பி, மெத்தை மிகுந்தோறும் ஒலி விரைவில் அடங்குதலைத் தம் செவியாலேயே அளந்தறிந்தார். கட்டட ஒலியியல் என்னும் சாஸ்திரத்துக்கு அடிப்படை அதுவே. மேற்கூரையிலும் சுவரிலும் துளையிட்ட தகடும் அதன் பின்னே கனிமப் பஞ்சும் அமைப்பதால் அறைக்குள் முழக்கம் அடங்கும். தேங்காய் நாரும் கழிவுப் பஞ்சும் ஒலியை உண்ணுவனவேயாயினும், தீப்பற்றும் இயல்பினவாதலின் பஞ்சாலைக்குள் அவற்றைத் தவிர்த்தல் அறிவுடைமை. மெத்தை உள்ளொலியை அடக்குமேயன்றி வெளியொலியைத் தடுக்காது என்பதையும் மறத்தலாகாது. தடுப்பது கனம், அடக்குவது மென்மை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, மெல்லிய தடுப்பின்மேல் மெத்தை ஒட்டிப் பணத்தை இழப்போர் உண்டு.

நம் நாட்டுக்கே உரிய ஒரு தடையும் இருக்கிறது. எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டால் சித்திரை வெயிலில் உள்ளே இருப்பவர் எவர்? கதவைத் திறந்துவிடுவர், செய்த செலவெல்லாம் அக்கணமே வீணாகும். ஆகையால் காற்றுக்கு வழி செய்யாத அமைதி நிலையாது. உட்புறம் கனிமப் பஞ்சு பொதிந்து, இரண்டொரு வளைவோடு அமைத்த காற்றுக்குழாய், காற்றை விட்டு ஒலியைப் பிடித்துக்கொள்ளும். குளிரூட்டும் யந்திரம் வைப்பதாயின், அதுவே புதியதோர் இரைச்சலாகாதபடி நல்லதைத் தேர்ந்து வைத்தல் வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பர் சிலர். தவறான கணக்கைத் திருத்தச் செல்லும் நேரத்தையும், கேட்காத எச்சரிக்கையால் நேரும் விபத்தையும் எந்தப் பற்றேட்டில் எழுதினர் என அவர்களைக் கேட்கிறோம். மற்றொரு மறுப்பு இதனினும் கனமானது. "நூறு பேர் தறியோசையில் வருந்த, நான்கு குமாஸ்தாக்களுக்கு மட்டும் அமைதியா?" என்பதே அது. இது நியாயமான கேள்வி. அமைதியான அறை, தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டு அதிகாரி ஒளிந்துகொள்ளும் கோட்டையாகுமாயின் அதனைக் கட்டாதிருத்தலே மேல். ஆதலாற்றான் ஒலி பிறக்குமிடத்தைத் திருத்துதல் முதற்கடமை என்றோம். அதன் பயன் எல்லோரையும் சாரும். காரியாலயச் சுவரை எழுப்பும் ஆலை, தறியருகே நிற்பவருக்குக் காதடைப்பானும், ஆண்டுதோறும் செவிப் பரிசோதனையும், சிறிது நேரம் இரைச்சலின்றி இளைப்பாற ஓர் இடமும் அளித்தல் வேண்டும். சுவர் ஒலியைத் தடுக்கட்டும். மனிதனைத் தடுக்க வேண்டா. அவ்வறையின் கதவு எவனுக்காக அமைக்கப்பட்டதோ, அவன் உள்ளே வந்து தன் இயல்பான குரலில் பேசுவதே அந்த அமைதியின் பயன்.

நம் மாணவருள் நாளை ஒருவர் அத்தகைய அறையிற் குமாஸ்தாவாக அமரலாம். ஒருவர் அதன் படத்தை வரையலாம். ஒருவர் அதற்குப் பணம் ஒதுக்கும் பதவியை அடையலாம். அமர்பவர் முறையிடக் கூசாதிருக்கட்டும். ஒலியை ஏறத்தாழ அளந்து காட்டும் கருவி இன்று கைபேசியிலேயே உண்டு. வரைபவர் கதவின் கீழுள்ள அங்குலத்தையும் கணக்கிலே கொள்ளட்டும். பணம் ஒதுக்குபவர், தம் தனியறைக்கு முன்னதாகத் தறிக்கூடத்து மூலையிலுள்ள சிற்றறையை ஒருமுறை சென்று பார்க்கட்டும். அங்கே கால் மணி நேரம் அமர்ந்து, வருகிற தொழிலாளி ஒருவன் சொல்வதை முற்றும் கேட்க இயலுகிறதா என்று சோதித்துப் பார்ப்பாராயின், அவருக்கு நம் கட்டுரை வேண்டியதில்லை.