பிறர் மருந்து

நம் சங்க மலரில் மொழியைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் ஒரு மாத்திரையைப் பற்றி எழுதுகிறேன், பொறுத்தருள்க.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். நாடெங்கும் ஊரடங்கு. பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் அக்காளுக்கு ‘லூபஸ்’ என்னும் நோய். பகைவரைத் தாக்க வேண்டிய படை தன் கோட்டையையே தாக்குவதுபோல, உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய் அது. மூட்டோடும் தோலோடும் நிற்பதன்று. சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்க வல்லது. இந்நோயுற்றோர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். அதை அடக்கி வைக்க அக்காள் நாள்தோறும் உண்பது ஹைட்ராக்சிகுளோரோகுயின்.

அந்த மாதக் கடைசியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ‘தீர்ந்துவிட்டது’ என்ற சொல்லே எங்கும் கிடைத்தது.

காரணம் என்ன? கொரோனா நோயாளரைப் பேணும் மருத்துவப் பணியாளரும், நோயாளரின் வீட்டாரும் முன்காப்பாக இம்மருந்தை உண்ணலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அம்மாதம் பரிந்துரைத்தது. சம்பந்தமில்லாதவரெல்லாம் பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டனர். சில நாளிலேயே அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. ஜூன் மாதத்தில், மருத்துவமனையில் கிடக்கும் கொரோனா நோயாளருக்கு இம்மருந்தால் பயனில்லை எனப் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு அறிவித்தது. அதில் இம்மருந்து பெற்றவர் 1,561 பேர்.

அதற்குள் அக்காள் ஐந்து வாரம் அரை மாத்திரையாக உண்டாள். மே மாதத்தில் அவள் விரல்கள் வீங்கின. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்க முடியவில்லை. அதனால்தான் இது வந்தது என்று அறிவியல் மாணவனாகிய நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால், மருந்தைக் குறைத்தால் இந்நோய் சீறக்கூடும் என்பது முன்பே அறிந்த உண்மை.

மறு ஆண்டு, எங்கள் தெருவிலேயே வாழும் தமிழன்பர் ஒருவர் வீட்டு அலமாரியில் அதே மாத்திரை இரண்டு பெட்டி கண்டேன். பிரிக்கவே இல்லை. அவர் கொடியவரல்லர், படித்தவர், பண்பாளர். அக்காளின் நோய் அவருக்குத் தெரியாது, நாங்கள் சொன்னதில்லை. ‘கலியாணத்திற்குத் தடையாகும்’ என்று மறைத்தோம். அவர் பதுக்கியது மருந்தை. நாங்கள் பதுக்கியது நோயை. இரண்டும் தவறே.

இத்தகைய நோயாளர் பார்வைக்கு நம்மைப் போலவே இருப்பர். ஆனால், நோயாலும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தாலும் தொற்று அவர்களை எளிதில் பற்றும். சில ஊசி மருந்துகள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால், முன்கூட்டியே சோதித்துத்தான் போடுகின்றனர். முடக்குவாதக்காரருக்கு மாரடைப்பு அபாயமும் மற்றவரைவிட மிகுதி. அவர்களிடம் போய், ‘இந்த வயதில் மூட்டுவலியா?’ என்று நகைப்பது அறமாகுமா?

ஆகவே தோழர்களே! விடுதியில் எவரேனும் காலையில் எழுந்ததும் விரல் மடக்க இயலாது நெடுநேரம் வருந்தினால், அது வாரக்கணக்கில் நீடித்தால், ‘சோம்பேறி’ என்னாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோயுடையோரே, நாணாமல் நண்பரிடம் சொல்லுங்கள். நாளை மற்றொரு மருந்தைப் பற்றிப் பரபரப்பு எழும்போது, கடைக்கு ஓடுமுன் ஒன்று கேளுங்கள்: இது யாருடைய அன்றாட மருந்து?