18,720 படுக்கைகள்... ஒரே இடம் போதுமா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சொல்லும் தூரக் கணக்கு!

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சென்னை - பெங்களூரு ஹைவேயில் போயிருக்கீங்களா? வரிசையாக கம்பெனி பஸ்கள் போகும். எட்டு மணி நேர வேலைக்கு முன்னும் பின்னும் அந்த பஸ்ஸில் கழியும் நேரத்துக்கு சம்பளம் கிடையாது. அதனால்தான், `ஹாஸ்டல் எங்கே இருக்கணும்?' என்பது இந்த ஏரியாவில் பெரிய கேள்வி.

டிசம்பர் 2021-ல் இந்தக் கேள்வி ரோட்டுக்கே வந்தது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்க ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு விஷமானது. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாமல் பெண்கள் ஹைவேயில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. தங்குவது ஓரிடம், வேலை 20 கி.மீ.க்கும் அப்பால். ஹாஸ்டல்கள் இப்படிச் சிதறிக் கிடந்தால், கண்காணிப்பதும் கஷ்டம்.

அதற்கு பதிலாக வந்தது வல்லம் வடகால் சிப்காட் குடியிருப்பு. 706.50 கோடி ரூபாய் செலவில், 13 பிளாக்குகள், 18,720 படுக்கைகள். ஆகஸ்ட் 2024-ல் முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். பயணம் குறையும், கண்காணிப்பும் எளிது. நல்ல விஷயம்தான். ஆனா, இது எந்தக் கணக்குப்படி சரியான இடம்?

ரெண்டு விடை இருக்கு!

ஒரு சின்ன கற்பனைக் கணக்கு. ஒரே ரோட்டில் மூணு ஊர். முதல் ஊரில் 60 பேர், 10 கி.மீ. தள்ளி 30 பேர், அங்கிருந்து இன்னும் 20 கி.மீ. தள்ளி 10 பேர். இவர்களுக்கு ஒரே ஒரு கிளினிக். எங்கே வைப்பீங்க?

முதல் ஊரில் வைத்தால், எல்லோரும் போகும் தூரத்தின் கூட்டுத்தொகை 600 கி.மீ. இதைவிடக் குறைக்க முடியாது. ஆனா, கடைசி ஊர்க்காரர் 30 கி.மீ. வரணும். ரோட்டின் நடுவில் வைத்தால், யாருமே 15 கி.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஆனா, கூட்டுத்தொகை 1,200 ஆகிவிடும்.

முதல் விடைக்குப் பெயர் மீடியன், இரண்டாவதற்கு சென்டர். 1964-ல் ஹக்கிமி என்ற ஆய்வாளர் இரண்டையும் சாலை வலைப்பின்னலுக்கு விரித்து எழுதினார். மீடியனைத் தேட ரோடு முழுக்க அலைய வேண்டாம், ஊர்களையும் ஜங்ஷன்களையும் மட்டும் பார்த்தாலே போதும் என்று நிரூபித்தவர் அவர். ஆனா எந்த விடை நியாயம்னு கணிதம் சொல்லாது. அதை நாமதான் முடிவு பண்ணணும்.

யாருடைய தூரம்?

கம்பெனிக்கு ஹாஸ்டல்னா ஒரே ஒரு தூரம்தான்: படுக்கையிலிருந்து கேட் வரை. அங்கே தங்கும் பெண்ணுக்கு அப்படியில்லை. லீவு நாளில் கடைவீதி, திடீர் காய்ச்சலுக்கு டாக்டர், பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்ட்... எல்லாமே தூரம்தான். தொழிற்பேட்டைக்குள் தங்கினால் முதல் தூரம் குறையும், மற்றவை கூடலாம்.

அரசின் `தோழி' விடுதிகளைப் பாருங்க. தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று ரயில் நிற்கும் ஊர்களில் இருக்கின்றன. வெவ்வேறு இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஸ்டேஷன்தான் மையம். ஒரே ஆலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஆலைதான் மையம். ரெண்டும் தப்பில்லை, தேவை வேற.

ஹாஸ்டலைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. ஆனா, பஸ் ரூட்டை மாற்றலாம். ஷிஃப்ட் பஸ் ஓடுவது போல, லீவு நாளில் ஸ்ரீபெரும்புதூர் டவுனுக்கும் ஒரு பஸ், ராத்திரி அவசரத்துக்கு வளாகத்திலேயே ஒரு டாக்டர் என்றால் மிச்ச தூரமும் குறையும். அடுத்த ஹாஸ்டலுக்கு இடம் தேடும்போது, `கேட்டுக்கு எவ்வளவு தூரம்?' என்பதோடு, `நீங்க வேற எங்கெல்லாம் போவீங்க?' என்று அந்தப் பெண்களிடமும் கேட்டுவிட்டு மேப்பில் புள்ளி வைக்கலாமே!