இராமன் அம்பும் மகரந்தத் தூளும்

இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனம் எப்படி உண்டாயிற்று என்று கேட்டால் நமது புராணிகர்களிடம் விடை தயாராக இருக்கின்றது. கடல்மேல் விடுவதற்காக நாணேற்றிய அம்பை இராமன் வீணாக்கக் கூடாதாம். சமுத்திரராஜன் வேண்டியபடி வடக்கே துருமகுல்யத்தின்மேல் ஏவினானாம். அங்கிருந்த ஆபீரர்கள் பாவிகளாம். அம்பு விழுந்ததும் நீரெல்லாம் வற்றி அவ்விடம் மருகாந்தாரம் ஆயிற்றாம். வால்மீகி இராமாயண யுத்த காண்டத்துச் சங்கதி இது. அந்த மருகாந்தாரமே இன்றைய தார் என்று பிரசங்கம் செய்கிறவர்களும் இருக்கின்றார்கள்.

தோழர்களே! சமுத்திரராஜனுக்கும் இராமனுக்கும் நடந்த பேச்சை அருகிலிருந்து கேட்ட சாட்சி யார்? ஒருவரும் இல்லை. ஆனால் அந்த மண்ணிலேயே வேறொரு சாட்சி புதைந்து கிடக்கின்றது. அது சுலோகம் சொல்லாது, தட்சிணையும் கேட்காது. அதுதான் மகரந்தத் தூள்.

செடிகொடிகளின் பூந்தூள் காற்றில் பறந்து ஏரியில் விழுந்து, வருஷந்தோறும் படியும் சேற்றில் அடங்குகின்றது. வெளியே வறண்ட மண்ணில் காற்றுப்பட்டு அழிந்து போகும் அது, ஏரிச் சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான வருஷம் கெடாமல் இருக்கின்றது. மணலையே கரைக்கும் திராவகத்துக்கும் அதன் மேலோடு அசைவதில்லை. புல்லுக்கு ஒருவித உருவம், கோரைக்கு ஒருவிதம், மரத்துக்கு ஒருவிதம். மைக்ராஸ்கோப்பில் நூற்றுக்கணக்காக எண்ணி விகிதம் கண்டால், அக்காலத்தில் அங்கே என்ன முளைத்தது, மழை எவ்வளவு என்பது விளங்கும். இம்முறையை 1916-ல் ஸ்வீடன் தேசத்து லென்னார்ட் வான் போஸ்ட் எடுத்துக் காட்டினார்.

சாம்பர், டீட்வானா, லூங்கரன்சர் ஆகிய உப்பேரிகளின் சேற்றைக் குர்தீப் சிங்கும் அவரது தோழர்களும் இப்படியே ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டார்கள். அடியில் காற்று குவித்த மணல். அதாவது ஏறக்குறைய 10,000 வருஷங்களுக்கு முன்பு கடும் வறட்சி. அதற்கு மேலே ஏரிச் சேறு. அதில் புல், கோரை, சம்பு, நாவல் இனத்தின் தூளுங்கூட இருக்கின்றன. பிறகு மறுபடியும் வறட்சி. அப்படியானால் முதல் வறட்சிக்கு எந்த அவதாரத்தின் அம்பு? இடையில் பசுமை வந்ததே, அப்போது அந்த அம்பைப் பிடுங்கிப் போட்டவர் யார்? புராணிகர்கள் பதில் சொல்லட்டும்.

உண்மைக் காரணம் வானத்திலேயே இருக்கின்றது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது இப்போது ஜனவரியில். சுமார் 11,000 வருஷங்களுக்கு முன்பு அது வடபாகத்துக் கோடையில் நிகழ்ந்தது. அதனால் அக்காலத்தில் நிலம் அதிகம் காய்ந்து பருவமழை வலுத்தது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. இதில் பாவமுமில்லை, சாபமுமில்லை.

நிற்க, ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் சொல்லையும் வேதவாக்காக வைத்துக் கொள்வதில்லை. மழை குறைந்ததே சிந்துவெளி நகரங்களின் அழிவுக்குக் காரணம் என்று குர்தீப் சிங் கருதினார். 1999-ல் வேறு சிலர் லூங்கரன்சர் சேற்றை மறுபடி சோதித்து, ஏரி ஏறத்தாழ 5,500 வருஷங்களுக்கு முன்பே வற்றிவிட்டது, நகரங்கள் செழித்தது அதற்குப் பின்புதான் என்று மறுத்தார்கள். மறுத்தவர்களை யாரும் நாத்திகர் என்று ஒதுக்கவில்லை. இராமாயணத்தில் ஒரு வரியை இப்படித் திருத்த விடுவார்களா?

இது வெறும் பழங்கதைச் சண்டை என்று எண்ணாதீர்கள். வறட்சி பாவத்தின் கூலி என்றால் அங்கே வாழ்ந்தவன் பாவி, பரிகாரம் செய்கிறவன் புரோகிதன். நம் கிராமங்களில் கொடும்பாவி கட்டி இழுப்பதும், 2019-ல் மழை வேண்டிக் கோயில்களில் யாகமும் வருண ஜெபமும் நடத்த அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டதும் இந்த எண்ணத்தினால்தான். வறட்சிக்கு இயற்கையில் காரணமுண்டு என்று அறிந்தவனோ ஏரியைத் தூர் எடுப்பான், கரையைப் பலப்படுத்துவான், மரம் வைப்பான்.

ஆகவே, அம்பை நம்புவதா, சேற்றில் கிடக்கும் தூளை நம்புவதா என்பதை உங்கள் அறிவைக் கொண்டே யோசித்து முடிவு செய்யும்படி வேண்டுகின்றோம்.