பாதைக்கு முன்னால் சம்மதம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், வடகிழக்கு மூலையில், ஈஸ்ட் பர்க் என்று ஒரு சிற்றூர். காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலங்களின் ஓரத்திலுமாக அங்கே மலைச் சைக்கிள் ஓட்டுவதற்கு நூறு மைலுக்கு மேல் ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. 1994-ல் தொடங்கப்பட்ட கிங்டம் டிரெயில்ஸ் என்ற லாப நோக்கமற்ற சங்கம் அவற்றைப் பராமரிக்கிறது. 2019 டிசம்பரில், டார்லிங் ஹில் என்ற மேட்டில் நிலம் வைத்திருக்கும் மூன்று பேர், இனி எங்கள் நிலத்தில் சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் விரும்பி ஓட்டிய பாதைகள் சில அந்த மேட்டில்தான் இருந்தன. ஒரே அறிவிப்பில் அவை கைவிட்டுப் போயின.

நான் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில், நாஷுவா நகரில் வசிக்கிறேன். சாலைகளுக்கு வடிகால் வடிவமைப்பது என் தொழில். கோடையில் கணவரோடும் மகனோடும் மலைச் சைக்கிள் ஓட்டுவதும், பாதைகளைப் பராமரிக்கும் நாட்களில் தன்னார்வலராகப் போவதும் பல வருடப் பழக்கம். அந்த அறிவிப்பு வந்தபோது எங்களோடு சவாரி செய்பவர்களில் பலர் கொதித்துப்போனார்கள். நாம் வந்து செலவழிப்பதால்தானே அந்த ஊர் பிழைக்கிறது, நமக்கே கதவைச் சாத்துகிறார்களே என்று பேசினார்கள். எனக்கு அன்றும் இன்றும் அந்தக் கோபத்தில் உடன்பாடு இல்லை. நிலக்காரருக்குக் காசு எதுவும் கொடுக்காமல் பிறர் நிலத்தில் ஓட்டியவர்கள், தாங்கள்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறோம் என்று நினைத்தால், நிலம் மூடப்படுவதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கிங்டம் டிரெயில்ஸின் பாதைகள் ஓடுவது பெரும்பாலும் தனியார் நிலத்தில். ஏறத்தாழ நூறு பேர் தங்கள் காட்டையும் புல்வெளியையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதற்கு வாடகை கிடையாது. நாம் வாங்கும் நாள் சீட்டின் பணம் பாதைப் பராமரிப்புக்குப் போகிறதே தவிர, நிலக்காரரின் பைக்குப் போவதில்லை. வெர்மான்டில் இதற்கு ஒரு மரபு இருக்கிறது. வேலியிடாத நிலத்தில் மக்கள் வேட்டையாடலாம் என்ற உரிமையை 1777-ல் எழுதிய அரசியல் சாசனத்திலேயே வைத்தவர்கள் இவர்கள். வேட்டைக்காரர் வரக் கூடாது என்று விரும்பும் நிலக்காரர் தட்டி மாட்ட வேண்டும், ஆண்டுதோறும் ஊர் அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். கட்டணம் வாங்காமல் நிலத்தைப் பொழுதுபோக்குக்குத் திறந்துவிட்டால், அங்கே யாராவது விழுந்து கையை உடைத்துக்கொண்டாலும் நிலக்காரர் மீது சுலபத்தில் வழக்குப் போட முடியாதபடி சட்டம் காக்கிறது. திறந்துவிடுவதற்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. திறந்துவிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. வெறும் நல்லெண்ணத்தில் நிற்கிற ஏற்பாடு இது. அண்டை வீட்டுக்காரர் மனம் வைத்தால் பாதை, மனம் கசந்தால் வேலி.

இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் என்றால் என்ன ஆகும்? ஜூலை மாதத்துச் சனிக்கிழமை டார்லிங் ஹில் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் மேட்டில் ஏறி வருகிறது. மழை வருவதற்குள் கொட்டகைக்குள் சேர்க்க வேண்டிய வைக்கோல். முன்னால் ஆறேழு சைக்கிள்கள் சாலையை அடைத்துப் பேசிக்கொண்டே போகின்றன. டிராக்டர்காரர் ஒலி எழுப்புவதில்லை, அந்த ஊர் வழக்கம் அது. வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே வருவார். முகத்தைப் பார்த்தால் போதும். அந்த மூவர் விலகியபோது பேசப்பட்ட காரணங்களும் இந்த வகைதான்: தாங்க முடியாத கூட்டம், குதிரையில் போகிறவர்களிடம் சிலர் காட்டிய மரியாதைக் குறைவு. பின்னாலிருந்து சத்தமில்லாமல் சைக்கிள் பாய்ந்து வந்தால் குதிரை மிரளும், மேலே இருப்பவர் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். தூரத்திலேயே நின்று, இறங்கி, குரல் கொடுத்து, குதிரை கடந்து போகும்வரை காத்திருக்க ஒரு நிமிடம் ஆகுமா?

இந்த விளையாட்டு பிறந்தபோதே இந்தக் குறையும் கூடப் பிறந்துவிட்டது. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டமால்பைஸ் மலையைச் சுற்றியுள்ள தீத்தடுப்புச் சாலைகளில், 1970-களில் இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களை ஓட்டி இறங்கினார்கள். 1976-ல் ரீபேக் என்ற பந்தயம் தொடங்கியது. யாரிடமும் கேட்கவில்லை. நடந்து போகிறவர்களும் குதிரைக்காரர்களும் எதிர்த்தார்கள். பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1984-ல் அமெரிக்க வனத்துறை, வனாந்தரம் என்று சட்டம் பாதுகாக்கும் பகுதிகளில் சைக்கிளுக்கு இடமில்லை என்று விதியில் எழுதிவிட்டது. அதன் பிறகுதான் ஓட்டுநர்கள் சங்கம் சேர்ந்தார்கள். நியூ இங்கிலாந்து சங்கமான நெம்பா 1987-ல், சர்வதேச அமைப்பான இம்பா 1988-ல். எல்லாம் கைநழுவிய பிறகு பேசப் போனதால், நாற்பது ஆண்டாகப் பழைய கசப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முன்கூட்டியே பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு வெர்மான்டிலேயே, ஈஸ்ட் பர்க்கிலிருந்து தெற்கே, ஓர் ஊர் இருக்கிறது. அஸ்கட்னி மலையடிவாரத்தில் உள்ள வெஸ்ட் விண்ட்சர். ஆயிரத்து முந்நூறு சொச்சம் பேர் வாழும் ஊர். 1946 முதல் அங்கே பனிச்சறுக்கு மையம் ஒன்று இருந்தது. 2010-ல் அது மூடப்பட்டது. மலைமேல் ஆட்களை ஏற்றிய இழுவை நாற்காலிகளைக்கூட விற்றுவிட்டார்கள். வேலை போயிற்று, வீட்டு விலை சரிந்தது, ஊரின் பிரவுன்ஸ்வில் பகுதியில் இருந்த ஒரே கடையும் மூடிக்கொண்டது. அந்த மையம் இயங்கிய காலத்திலேயே, பக்கத்திலிருந்த ஊர்க்காட்டில் உள்ளூர் தன்னார்வலர்கள் கையால் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் ஓட்டுவோர் மட்டுமா? நடப்பவர்கள், ஓடுபவர்கள், குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பாதைகளைப் பயன்படுத்தினார்கள். ஆகவே 2014-ல் மையத்தின் 470 ஏக்கர் நிலத்தை வாங்கி ஊர்க்காட்டோடு சேர்க்கலாமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது, வாழ்நாளில் மலைச் சைக்கிளைத் தொடாதவர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பு துணை நின்றது. ஊர்ப்பணமும் நன்கொடையும் சேர்ந்து நிலம் ஊருடையதானது. இனி அங்கே விடுதி கட்ட முடியாது, காடாகவே இருக்கும்.

அதற்குப் பிறகு அஸ்கட்னி அவுட்டோர்ஸ் என்ற சங்கம் பொறுப்பெடுத்தது. கயிறு பிடித்து மேலேறும் சிறு இழுவையைத் தன்னார்வலர்களே குளிர்காலத்தில் இயக்குகிறார்கள். உள்ளூர்க் குழந்தைகள் அதில்தான் சறுக்கப் பழகுகிறார்கள். மூடிக்கிடந்த கடையின் கட்டடத்தை ஊர்க்காரர்கள் கூட்டாக வாங்கினார்கள், 2018-ல் கடை மறுபடி திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கடையில், சேறு படிந்த கால்களோடு வரும் ஓட்டுநர்களும் தேவாலயத்திலிருந்து வரும் பாட்டிமார்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

அந்த வட்டாரத்தில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு வெர்மான்ட் ஐம்பது என்ற பந்தயம். செப்டம்பர் கடைசியில் ஐம்பது மைல் சைக்கிள் ஓட்டமும் கால் ஓட்டமும் நடக்கும். மாற்றுத் திறனாளிகளின் விளையாட்டுக்காக உழைக்கும் வெர்மான்ட் அடாப்டிவ் அமைப்புக்கு நிதி சேர்கிறது. வழியில் நிறையத் தனியார் நிலம். அந்த ஒரு வார இறுதிக்குத்தான் நிலக்காரர்கள் திறந்துவிடுவார்கள். முந்தைய நாளோ மறுவாரமோ அந்தப் பாதையில் யாரும் ஓட்டக் கூடாது என்று அமைப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வாக்குக் காப்பாற்றப்படுவதால்தான் 1993 முதல் அந்தப் பந்தயம் நிலைத்திருக்கிறது.

அண்டை வீட்டாரின் நம்பிக்கை எங்கே விளைகிறது என்று கேட்டால், நான் மண்வெட்டி பிடிக்கும் இடத்தைக் காட்டுவேன். மலைச்சரிவில் வெட்டிய பாதைக்குப் பெரிய எதிரி தண்ணீர். பாதையின் பரப்பு பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் மழைநீர் குறுக்கே கடந்து கீழே போகும். டயர்கள் நடுவில் அழுத்த அழுத்த, வெளியோரத்தில் வரப்புபோல மண் மேடு எழும்பிவிடும். பிறகு தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பாதையோடு ஓடி, வேர்களைத் தோண்டி, கடைசியில் யாருடைய மேய்ச்சல் நிலத்திலோ வண்டல் வண்டலாகக் கொட்டும். இதற்கென்று புலாஸ்கி என்ற கருவி உண்டு, ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து. மெக்லியட் என்று அகலமான பற்களுள்ள வாரி ஒன்று. கொத்தினால் அந்த ஓர மேட்டை உடைத்து, வாரியால் மண்ணை இழுத்துச் சமப்படுத்தி, இலைக்குப்பை அடைத்த வடிகால்களைத் திறந்துவிடுவோம். பெரிய சாலைத் திட்டங்களின் வடிகாலை வரைபடத்தில் போடுகிற எனக்கு, தண்ணீர் போகும் வழியைக் கண்ணால் பார்த்துக் கையால் வெட்டுகிற இந்த வேலையில் தனி நிறைவு.

ஒருமுறை நாங்கள் அப்படி வேலை செய்துகொண்டிருந்தபோது அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான முதியவர் நாயோடு நடந்து வந்தார். ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கீழே அவருடைய ஊற்றுக்குப் போகும் வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று எங்கள் குழுத் தலைவிக்குக் காட்டினார். அங்கே மண் விழாதபடி ஒரு வடிகாலை நகர்த்த முடியுமா என்று கேட்டார். அன்றைக்கே நகர்த்தினோம். மறு ஆண்டு அவருடைய நிலத்தின் இன்னொரு பகுதியிலும் பாதை போட அனுமதி தந்தார். எந்தப் பொருளாதார அறிக்கையும் வாங்கித் தராத அனுமதி அது.

பாதை ஆர்வலர்கள் பணத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஊர்க்கூட்டத்துக்குப் போனால் சுற்றுலா வருவாய், விடுதி, உணவகம் என்றே அடுக்குகிறார்கள். அந்த வருவாய் ஊரில் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்வதில்லை. வாரக் கடைசி வாடகைக்கு வீடுகள் மாறிவிட்டால், அந்த ஊர்ப் பள்ளியின் ஆசிரியைக்கு வாடகை வீடு கிடைக்காது. சாலையோரம் நிறுத்திய கார்களின் பின்னால் ஆம்புலன்ஸ் காத்து நிற்கும். இதையெல்லாம் நாமே முதலில் எடுத்துச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டால்தான் ஊர் நம்மை நம்பும். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சைக்கிள் ஓட்டாத விவசாயியும் குதிரைக்காரரும் உட்கார வேண்டும். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை வெர்மான்ட் ஊர்களில் நடக்கும் ஊர்க்கூட்டத்துக்கு, நமக்குக் காரியம் இல்லாத வருடத்திலும், அந்த ஊரில் வாழும் ஓட்டுநர்கள் போக வேண்டும். சாலைக்கும் பள்ளிக்கும் கையைத் தூக்காதவர்கள் பாதைக்கு மட்டும் கையேந்துவது நன்றாயில்லை.

கிங்டம் டிரெயில்ஸ் 2019-ல் விழுந்த அடியிலிருந்து கற்றுக்கொண்டது. எத்தனை பேரை இந்த ஊரும் பாதைகளும் தாங்கும் என்று ஆய்வு நடத்தினார்கள். நன்றியோடு ஓட்டுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். வருகையைக் கூட்டுவதே வெற்றி என்றிருந்த சங்கம் தன் அளவைத் தானே கேட்டுக்கொண்டது பெரிய விஷயம்.

நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டால் தொல்லையில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நெம்பா அதையும் செய்தது. மாசசூசெட்ஸின் மில்ஃபோர்ட் பக்கம், ஓட்டுநர்கள் வியட்நாம் என்றழைக்கும் பாறைக்காட்டில் 47 ஏக்கரை 2003-ல் வாங்கிக் காப்பாற்றியது. பாராட்டத்தக்க செயல். ஆனாலும் பாதை 47 ஏக்கரோடு நிற்பதில்லை, அடுத்த வேலியைத் தாண்டித்தான் போகிறது. அந்த வேலிக்கு அப்பால் இருப்பவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். இரவோடு இரவாக மரத்தை வெட்டித் திருட்டுப் பாதை போடுகிறவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று கொண்டாடும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. அப்படிப் போட்ட ஒரு பாதைக்காக, முறையாக அனுமதி வாங்கிய பத்துப் பாதைகள் மூடப்படும். அவர்களோடு ஓட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்.

பாஸ்டன் வட்டாரத்திலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இப்போது பிள்ளைகளோடு இந்தப் பாதைகளுக்கு வருகின்றன. அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பனி உருகிச் சேறாகும் ஏப்ரல், மே மாதங்களில், பாதை மூடியிருக்கிறது என்ற தட்டியைக் கண்டால் திரும்பிவிடுங்கள். சொன்ன இடத்தில் மட்டும் காரை நிறுத்துங்கள். மதியச் சாப்பாட்டை அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். கோடையில் ஒரு சனிக்கிழமை சவாரியை விட்டுவிட்டுப் பாதை வேலைக்கு வாருங்கள், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கருவிகளைச் சங்கத்தார் தருவார்கள். கையுறையும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுவந்தால் போதும்.